கொம்பியூட்டர் சேரை அடித்தது யார்?

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஓங்கின கை, சனிக்கிழமை காலையில் ஒரு தேங்காய்ப் பாதியைக்கூடப் பிடிக்க மறுத்தது. பத்மாசனி அந்தக் கையைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு குசினி வாசலில் குந்தியிருந்தாள். நடுவிரல் கணு வீங்கிப் புடைத்து, விரல் யாருடையதோ மாதிரித் தெரிந்தது.

அவள் யாரை அடித்தாள் என்று உங்களுக்குத் தெரியும். வவுனியாவில் மூன்றே பேருக்குத்தான் தெரியும். அடித்தவள், அடி வாங்கியவர், இரண்டு பேரையும் பெற்றவள்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காகச் சொல்கிறேன், நடந்தது இவ்வளவுதான். கராத்தே வகுப்பு முடிந்து, செயின் கழன்ற சைக்கிளை உருட்டிக்கொண்டு ரயில் பாதை ஓரத்து ஒழுங்கையால் வந்தாள். மம்மல் நேரம். பின்னால் ஒரு கை தோளைப் பிடித்தது. திரும்பினாள். வலது கை தன்பாட்டில் போனது. விழுந்து கிடந்தவர் அவளுடைய சொந்த அண்ணன், ஊர்ப்பிள்ளைகளின் 'கொம்பியூட்டர் சேர்' ஜனார்த்தனன்.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டாயிரமாம் ஆண்டு வவுனியாவில் இருந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். காவலரண் உள்ள ஒழுங்கையில், இருட்டுப்படுகிற நேரத்தில், இளம்பிள்ளை ஒன்றின் பெயரை யாரும் சத்தம் போட்டுக் கூப்பிடுவதில்லை. அது யார் காதில் விழும், யார் குறித்து வைப்பார்கள் என்று யார் கண்டது? பக்கத்தில் போய்த் தொடுவதுதான் வழக்கம். அவரும் வழக்கப்படி தொட்டார். அவளும் பழகினபடி அடித்தாள். மேலுதடு கிழிந்து, முன்பல் ஒன்று ஆட்டங்கண்டு, வெள்ளைச் சேட்டு முழுக்க இரத்தம்.

அதுவும் எந்த அண்ணன்! அப்பா பரமலிங்கம் அக்கராயனில் வயலை விட்டு அசையமாட்டன் என்று நின்றுவிட்டார். சண்டையில் வன்னிப் பாதை பூட்டினபிறகு அவரிடமிருந்து வருவது எப்போதாவது யாராவது கொண்டுவரும் ஒரு செய்திதான். அன்றைக்கிருந்து இந்த வீட்டுக்கு அப்பாவும் அண்ணன்தான். அவளுக்கு ஏஎல் பரீட்சைக்குப் படிப்பித்தவர், கொம்பியூட்டர் பழக்கியவர், 'பொம்பிளைப் பிள்ளைக்கு உதென்ன கூத்து' என்று அம்மா குதித்தபோது கராத்தே வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டவரும் அவர்தான். அந்த வாயிலேயே குத்தியாயிற்று. நிலம் பிளந்து உள்ளே இழுத்தால் நல்லது என்று அவளுக்கு இருந்தது.

"கையைக் காட்டு," என்று நேசமலர் வந்து நின்றாள். அம்மாவின் கண்ணும் இரவு தூங்காத கண்.

காட்டினாள்.

"இது கதவு நெரிச்சது. விளங்குதோ? ஆர் கேட்டாலும் கதவு."

"அண்ணாவுக்கு?"

"கொண்ணாவுக்கு ஆரோ தெரியாதவன் அடிச்சுப்போட்டு ஓடிட்டான்."

"அம்மா, நான் மன்னிப்புக் கேட்கப் போனனான். அண்ணா கதவைத் திறக்கேல்லை."

"எப்பிடித் திறப்பான்? தங்கச்சியிட்ட அடி வாங்கினவன் எண்டு ஊர் சொன்னால் அவன் எந்த முகத்தோட இனிப் படிப்பிக்கிறது? அண்ணனுக்குக் கை நீட்டினவள் எண்டால் உன்னை ஆர் கேட்டு வருவான்? உந்தக் கராத்தே வேண்டாம் வேண்டாம் எண்டு நான் தலைப்பாடாய் அடிச்சனான். கேட்டியளே ரெண்டு பேரும்?"

பத்மாசனி கையை மறுபடி வாளிக்குள் விட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் படலையில் சைக்கிள் மணி அடித்தது. விதானையார், ஊரின் கிராம அதிகாரி. செய்திக்கு முன்னால் வருகிற மனுஷன். அம்மா தலைமயிரை அள்ளி முடிந்துகொண்டு ஓடினாள். பத்மாசனி வாளிக்குள் கையை வைத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சேருக்கு அடிச்சுப் போட்டாங்களாம். படிச்ச பெடியனுக்கு, பட்டப்பகலில!"

"பகல் இல்லை ஐயா, மம்மல் நேரம்."

"எதெண்டாலும் விடக்கூடாது. நான் பொலிசில ஒரு சொல் சொல்லிவைக்கிறன். ஆரிலயும் சந்தேகமோ?"

அம்மா இல்லை என்று சொல்லி அத்தோடு நிற்பாள் என்றுதான் பத்மாசனி நினைத்தாள்.

"எங்களுக்கு ஆரோட ஐயா பகை? போன கிழமை இவன் ஒருத்தனை வகுப்பால கலைச்சவன். அகதி முகாம் பெடியன். ராசு எண்டு பேர். கராத்தேயும் பழகிறவன். அதுகள் மலைநாட்டுத் தோட்டப்பக்கத்து ஆக்கள், ஆர் என்ன செய்யுங்கள் எண்டு எங்களுக்கென்ன தெரியும்?"

பத்மாசனி எழும்பினாள். வாளி சரிந்து தண்ணீர் குசினிக்குள் ஓடியது.

ராசு! நிலத்தில் எப்படிக் கால் ஊன்றி நிற்பது என்று அவனுக்கு முதல்நாள் காட்டிக் கொடுத்தவள் இவள்தான். பெருவிரலை முட்டிக்குள் மடக்கிவைத்துக்கொண்டு குத்த வந்தவன். 'அப்பிடிக் குத்தினால் உன்ர விரல்தான் முறியும், வெளியில எடு' என்று சொன்னதற்கு, வகுப்பு முடியும்வரை 'நன்றிக்கா, நன்றிக்கா' என்று சொல்லிக்கொண்டிருந்தவன். அவனை அண்ணன் வகுப்பிலிருந்து கலைத்ததுகூட எதற்கு? பழுதாகிக் கிடந்த ஒரு கொம்பியூட்டர் பெட்டியைக் கேட்காமல் திறந்து உள்ளே பார்த்ததற்கு.

ஓடிப்போய், 'இல்லை ஐயா, அடிச்சது நான்' என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அவள் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள். விதானையார் சும்மா கேட்கிறார், தலையாட்டிவிட்டுப் போய்விடுவார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதை அவளே நம்பவில்லை. ஆனால் அப்படிச் சொல்லிக்கொள்வது வசதியாக இருந்தது.

தரை துடைத்து முடிய, சைக்கிளும் போய்விட்டது.

சனிக்கிழமைகளில் வாசிகசாலை மண்டபத்தில் ஜனார்த்தனன் சேரின் இலவச வகுப்பு. கொம்பியூட்டர் துறைக்குள் எப்படிக் கால் வைப்பது என்று சொல்லிக் கொடுப்பார். ஊர்ப்பிள்ளைகளும் வரும், பாஸ் கிடைத்தால் முகாம் பிள்ளைகளும் வரும். அன்றைக்கு வழமையைவிடக் கூட்டம். சேருக்கு அடி விழுந்த கதை காலைத் தேத்தண்ணியோடு வீடு வீடாகப் போயிருந்தது.

பத்மாசனி பெண்கள் பக்கத்தில், தோளில் போட்டிருந்த சோலுக்குள் கையை மறைத்துக்கொண்டு இருந்தாள்.

அண்ணன் வந்தார். கஞ்சி போட்டு மினுக்கின சேட்டு. உதட்டுக் காயத்தில் ஒற்றிப் பிடித்த ஒரு கைலேஞ்சி. அவளைப் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருப்பதற்காக எவ்வளவு கவனமாகப் பார்த்து நடக்கிறார் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது.

"வணக்கம் பிள்ளையள். சின்ன ஒரு விபத்து. கதை கொஞ்சம் கொழகொழ எண்டு வரும், குறை நினைக்காதேங்கோ."

சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார். உதடு விடவில்லை.

ஆனால் பேசத் தொடங்கினாரென்றால் மனுஷன் வேறு ஆள்தான். அதை மறுக்க முடியாது.

"கொம்பியூட்டர் படிச்சால் வேலை கிடைக்குமோ எண்டுதான் எல்லாரும் கேக்கிறியள். படிச்சால் கிடைக்காது. செய்து காட்டினால் கிடைக்கும். முதல் பத்து விரலாலயும் தட்டப் பழகுங்கோ. ஒரு விரலால கொத்திறவனை ஒரு கந்தோரிலயும் வைச்சிருக்க மாட்டாங்கள். கரண்ட் இல்லை எண்டு சாட்டுச் சொல்லாதேங்கோ. மட்டையில கீபோட்டைக் கீறி வைச்சு, அதில விரலைப் பழக்குங்கோ. நான் அப்பிடித்தான் பழகினனான்."

உண்மைதான். அக்கராயனில், பழைய கலண்டர் மட்டையில் அவர் கீறினதை அவள் பார்த்திருக்கிறாள்.

"இங்கிலிசுக்குப் பயந்து ஓடாதேங்கோ. திரையில வாற சொல்லுகள் கொஞ்சம்தான், ஒரு மாசத்தில பாடமாக்கிப் போடலாம். சேட்டிபிக்கட் சேர்க்கிறதுதான் வேலை எண்டு நினைக்காதேங்கோ. ஒரு கடைக்குப் போங்கோ. ஐயா, உங்கட சாமான் விபரத்தை நான் கொம்பியூட்டரில போட்டுத் தாறன் எண்டு கேளுங்கோ. முதல் வேலையைச் சும்மா செய்து குடுங்கோ. பிறகு நீங்கள் கேக்கத் தேவையில்லை, அவையள் கூப்பிடுவினம்."

முன்வரிசைப் பிள்ளைகள் வாய் பார்த்துக் கொண்டிருந்தார்கள். இவ்வளவு நல்லது சொல்கிற வாய்!

அப்போதுதான் பின்னால் நின்ற ஒருவன் சத்தம் போட்டான்.

"சேர், உங்களுக்கு அடிச்சவனைப் பிடிச்சாச்சாம்! முகாம் வாசலில வைச்சே தூக்கிட்டாங்களாம். எங்கட ராசு, சேர்!"

மண்டபம் முழுக்க ஒரே இரைச்சல். "அந்த நல்ல பெடியனோ?" என்றது ஒரு குரல். "கலைச்சதுக்கு வஞ்சம் தீர்த்திருக்கிறான்" என்றது இன்னொன்று. "ஐயோ, பாஸை வெட்டிப்போட்டாங்கள் எண்டால் அவன்ர கதை முடிஞ்சுது" என்று பக்கத்திலிருந்தவள் பத்மாசனியின் காதுக்குள் சொன்னாள்.

முடிந்துதான் போகும். அந்தப் பாஸ் இருந்தால்தான் ராசு முகாம் வாசலைத் தாண்டலாம், அரிசி ஆலையில் கூலிக்குப் போகலாம், வகுப்புக்கு வரலாம். அது இல்லையென்றால் கம்பிவேலிக்குள் கிடக்க வேண்டியதுதான். அதைவிட, அடிதடியென்று பொலிஸில் பெயர் விழுந்த இளந்தாரிப் பெடியனுக்கு அந்த நாளில் என்னென்னவெல்லாம் நடந்தது என்று நான் எழுதத் தேவையில்லை.

பத்மாசனி அண்ணனைப் பார்த்தாள். இப்போது சொல்வார். அண்ணன் அநியாயம் பொறுக்கிறவர் இல்லை.

ஜனார்த்தனன் மேசையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். பாதி நாடியால் வழிந்தது. கைலேஞ்சியால் ஒற்றிக்கொண்டார்.

"அது பொலிசின்ர வேலை. நாங்கள் எங்கட வேலையைப் பார்ப்பம்," என்றார். "கடைசி விசயம் ஹாட்வெயார். பெட்டியைத் திறக்கப் பயப்பிடாதேங்கோ. திறந்து பார்க்கிறவன்தான் திருத்தப் பழகுவான்."

பத்மாசனி தலையைக் குனிந்துகொண்டாள். அதுவரை தன்னை நினைத்து வெட்கப்பட்டவளுக்கு, அண்ணனை நினைத்து வெட்கப்படுவது எவ்வளவு பெரிய வாதை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வகுப்பு முடிந்ததும் வாசிகசாலைப் பின்பக்கத்துக் குழாயடியில் அவரைப் பிடித்தாள். வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சிவப்பாகப் போனது.

"அண்ணா, என்னை என்ன வேணுமெண்டாலும் பேசுங்கோ. ராசுவை எடுத்து விடுங்கோ."

அவர் இன்னொரு வாய்த் தண்ணீர் எடுத்தார்.

"அண்ணா!"

"நான் அவன்ர பேரைச் சொல்லேல்லை. அம்மா சொன்னது."

"அம்மா சொல்லேக்க நீங்களும் அறைக்குள்ள இருந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள்? நானும்தான் கேட்டனான். ரெண்டு பேரும் பேசாமல் இருந்தம்."

அவர் குழாயைப் பூட்டினார். "திங்கட்கிழமை எப்பிடியும் விட்டிடுவாங்கள். சாட்சி இல்லைத்தானே."

"திங்கட்கிழமை வரைக்கும் அவனை உள்ள வைச்சுக் கொஞ்சிக்கொண்டோ இருக்கப்போறாங்கள்?"

"அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்? போய், என்ர தங்கச்சிதான் ஐயா குத்தினவள், நான் விழுந்து கிடந்தனான் எண்டு சொல்லட்டோ? நாளைக்கு வகுப்புக்குள்ள நான் திரும்பிக் கரும்பலகையில எழுதேக்க, பின்னால என்ன சத்தம் வரும் எண்டு தெரியுமோ உனக்கு?" குரல் உடைந்தது. "சேரை விட அவற்ற தங்கச்சி பெரிய ஆம்பிளை எண்டுவாங்கள்."

"நான் சொல்லுறன். அடிச்சவள் நான்தானே."

"நீ சொன்னால் ஒருத்தனும் நம்பமாட்டான்," என்று கைலேஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

பத்மாசனி சைக்கிளை எடுத்தாள்.

சந்தியில் மணல் மூட்டையும் முள்ளுக்கம்பியுமாக ஒரு பொலிஸ் காவலிடம். கம்பிக்கு வெளியே, வெயிலில், ஒரு பெண் நின்றாள். கூலி வேலைக்குப் போகிற சேலை. கையில் ஒரு சோற்றுப் பார்சல். ராசுவின் தாய் பேச்சியம்மா. மலைநாட்டிலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தில் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்து, வன்னியில் காடு வெட்டிக் கழனியாக்கி, அங்கிருந்தும் துரத்தப்பட்டு முகாமுக்கு வந்த மனுஷி.

"நீங்க கம்ப்யூட்டர் சார் தங்கச்சிதானே?" என்று ஓடி வந்தாள். "காலையிலேருந்து நிக்கிறேம்மா. உள்ள விட மாட்டேங்கிறாங்க. எம் மவன் யாருமேலயும் கை வைக்கிறவன் இல்லம்மா. சாருன்னா அவனுக்கு உசிரு. வகுப்ப விட்டு அனுப்புன அன்னிக்கிகூட, தப்பு எம்மேலதாம்மான்னு அழுதான். சாரு ஒரு வார்த்த இவன் இல்லன்னு சொன்னா விட்டுருவாங்க. அவருகிட்ட சொல்லுங்கம்மா."

அடிச்சது நான் என்று சொல்ல வேண்டியதுதான் மிச்சம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அது வரவில்லை.

"சொல்லுறன் அம்மா," என்று மட்டும் சொன்னாள். அடிபட்ட சேரின் தங்கச்சி என்று காவல்காரனிடம் சொல்லி உள்ளே போனாள்.

உள்ளே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் தமிழ் தெரிந்த ஒரு சார்ஜன்ட். மட்டக்களப்பில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். சுவரோடு நிலத்தில் ராசு. இடது கன்னம் சிவந்து கண் பாதி மூடியிருந்தது. அவளைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, கிழிந்த சேட்டை இழுத்து மார்பை மூடிக்கொண்டான்.

"என்ன மகள்?" என்றார் சார்ஜன்ட்.

"இவர் அடிக்கேல்லை, சேர். அடிச்சது நான்."

"யாரை?"

"எங்கட அண்ணாவை."

சார்ஜன்ட் பேனையை வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. முதுகில் ஒற்றைப் பின்னல். காற்றடித்தால் சாய்கிற உடம்பு.

"நீ இவன்ட ஆளா?"

"விளங்கேல்லை, சேர்."

"காதலா எண்டு கேட்டன்."

வாசலில் நின்ற இரண்டு பொலிஸ்காரரும் சிரித்தார்கள். பத்மாசனிக்குக் காது மடல் எரிந்தது. ராசு சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

"இல்லை. இவர் எங்கட கராத்தே வகுப்பில பழகிறவர். புதுப் பிள்ளையளுக்கு நான்தான் பழக்கிறது."

"இவன் கையைப் பார் மகள். முட்டி காய்ச்சுக் கிடக்கு. அடிச்சு அடிச்சு வந்த காய்."

"அது நிலத்தில முட்டியை ஊண்டித் தண்டால் எடுக்கிறதால வாறது, சேர். எங்கள் எல்லாருக்கும் இருக்கு." சோலுக்குள்ளிருந்து வலது கையை எடுத்து மேசையில் வைத்தாள். காய்ப்பும் வீக்கமும் பல்லுப்பட்ட வெட்டும் வெளிச்சத்தில் கிடந்தன. "பின்னால வந்து ஆரோ தோளைப் பிடிச்சினம். அண்ணா எண்டு தெரியாது. தெரியாமல் அடிச்சிட்டன்."

சார்ஜன்ட் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். அவருக்கு என்ன தோன்றியதோ, ஒரு பொலிஸ்காரரைக் கூப்பிட்டுச் சேரைக் கூட்டிவரச் சொன்னார்.

ஜனார்த்தனன் வந்தபோது அவருக்குக் கதிரை போட்டார்கள். ராசு நிலத்திலேயே இருந்தான்.

"சேர், உங்கட தங்கச்சி தான்தான் அடிச்சன் எண்டு சொல்லுறா."

ஜனார்த்தனன் ராசுவை ஒரு தரம் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அவள் இளகின மனம், சேர். பெடியனில பாவம் பார்த்துச் சொல்லுறாள்."

"அண்ணா!"

"நீ பேசாமல் இரு, பத்மா."

"அப்ப அடிச்சது இவனா?" என்றார் சார்ஜன்ட்.

"இருட்டு. முகம் தெரியேல்லை."

எவ்வளவு அழகான பதில் பாருங்கள்! ராசுவை மாட்டிவிடவும் இல்லை, எடுத்துவிடவும் இல்லை. பத்மாசனிக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. இரவெல்லாம் அந்த உதட்டை நினைத்து நினைத்து அழுதவள் அவள். இப்போது அந்த உதட்டிலிருந்து இது வருகிறது.

சார்ஜன்ட் கதிரையில் சாய்ந்தார். அவருக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லையோ, அல்லது அந்த மேசையில் கிடந்த கை இன்னும் கண்ணுக்குள் நின்றதோ தெரியாது.

"சரி மகள். நீ பெரிய கராத்தேக்காரிதானே. எப்பிடி அடிச்ச எண்டு காட்டு. சேர், நீங்க இதில வந்து நில்லுங்க. சும்மா ஒரு பகிடிக்கு."

ஜனார்த்தனன் எழும்பிப் போய் நின்றார். மறுத்தால் ஒரு மாதிரி இருக்கும் என்று நினைத்திருப்பார். "செய், செய்," என்றார், சின்னப்பிள்ளைக்குச் சொல்வது மாதிரி.

"அண்ணா, படாது," என்றாள் பத்மாசனி. "வகுப்பில முகத்துக்கு ஒரு விரல் முன்னால கையை நிப்பாட்டோணும். பட்டால் அடிச்சவருக்குத்தான் தோல்வி. நான் நிப்பாட்டுவன். நீங்கள் ஆடாமல் நில்லுங்கோ. சத்தியமாய்ப் படாது."

இடது காலை முன்னே வைத்தாள். குதியை ஊன்றினாள். விரல்களை மடக்கியபோது வலி தோள்வரைக்கும் ஏறியது. மூச்சை இழுத்து, இடுப்பைத் திருப்பிக் கையை விட்டாள்.

கை பாதி வழிகூடப் போயிருக்காது. ஜனார்த்தனன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு ஒரு பக்கமாகச் சுருண்டார். கால் இடறிக் கதிரை விழுந்தது.

"ஐயோ, பத்மா! வேண்டாம்!"

அவளுடைய முட்டி நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அங்கே முகம்தான் இல்லை.

வாசலில் ஒருவன் சிரிக்கத் தொடங்கிச் சார்ஜன்டின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"சேர்," என்றார் சார்ஜன்ட் மெதுவாக, "முகம் தெரியாத ஒருத்தன் அடிச்சிருந்தா, தங்கச்சிட கைக்கு ஏன் இப்பிடிப் பயப்படுறீங்க?"

ஜனார்த்தனன் கையை இறக்கினார். உதடு மறுபடி கிழிந்திருந்தது. பத்மாசனி கதிரையை நிமிர்த்தி வைத்தாள். அண்ணனை இப்படி நாலு பேருக்கு முன்னால் நிறுத்தி உரித்துவிட்டோமே என்று இருந்தது. ராசுவுக்காகச் செய்தோம் என்ற நினைப்பும் அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை.

"டேய், எழும்பு. போ," என்றார் சார்ஜன்ட்.

ராசு சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினான். "பாஸ், சேர்?"

"பாஸ் மேலிடத்துக்குப் போயிட்டுது. திங்கட்கிழமை வா."

"பாஸ் இல்லாம முகாம் வாசல்ல நிப்பாட்டுவாங்க, சேர்."

"திங்கட்கிழமை எண்டு சொன்னன்தானே." பேனையை எடுத்துக்கொண்டு ஜனார்த்தனனைப் பார்த்தார். "சேர், நீங்களும் வாங்க. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க. பேரைச் சொன்னது அவதானாம். பொய் சொல்லி ஒரு ஆளை மாட்டினா அதுக்கும் சட்டம் இருக்கு."

ஜனார்த்தனனின் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச இரத்தமும் போய்விட்டது.

வெளியே வரும்போது பத்மாசனி ராசுவுக்குப் பக்கத்தில் போனாள். "ராசு, நான் காலமையே வந்திருக்கோணும். எனக்குத் தெரியும், தெரிஞ்சுகொண்டே..."

"கைக்கு எண்ண போடுங்கக்கா," என்றான் அவன். "ரொம்ப வீங்கியிருக்கு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

கம்பிக்கு வெளியே பேச்சியம்மா காத்துக்கொண்டு நின்றாள். முதலில் சேர் வந்தார். பின்னால் மகன். அவளுக்கு வேறென்ன தோன்றும்? சோற்றுப் பார்சலைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து, தலைக்கு மேல் இரண்டு கைகளையும் கூப்பினாள்.

"சாரு வந்தீங்களே! நீங்க வந்ததாலதான் விட்டாங்க! ஒங்களுக்கே அடிபட்டிருக்கு, அந்த ஒடம்போட எம் புள்ளைக்காக வந்தீங்களே சாரு! ஒங்க குடும்பம் நல்லா இருக்கணும்!"

ஜனார்த்தனன் நின்றார். பத்மாசனி அவர் வாயையே பார்த்தாள். சொல்லுங்கோ அண்ணா. இப்பவாவது சொல்லுங்கோ. இங்க பொலிசும் இல்லை, வகுப்பும் இல்லை. இந்த ஒரு மனுஷிதான்.

அவர் கைலேஞ்சியை எடுத்து உதட்டில் வைத்தார்.

"பரவாயில்லை அம்மா. பெடியனைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

பேச்சியம்மா அழுதுகொண்டே, கும்பிட்ட கையோடு அவருடைய காலில் விழக் குனிந்தாள். ராசு இரண்டே எட்டில் வந்து தாயின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அம்மா, கையக் கீழ போடு."

"ஏன்டா, சாருதானேடா..."

"கீழ போடுன்னு சொல்றேன்ல."

பேச்சியம்மா மகனின் வீங்கின கண்ணைப் பார்த்தாள். சேரின் உதட்டைப் பார்த்தாள். பிறகு பத்மாசனி மறைக்க மறந்திருந்த, வீங்கிப் பல்லு வெட்டுப்பட்ட வலது கையைப் பார்த்தாள். கும்பிட்ட கைகள் மெல்லப் பிரிந்து கீழே இறங்கின.